டச்சு கத்துக்கணுமா? இங்கிலீஷ ஓரமா வச்சுட்டு தமிழ்ல இருந்து ஆரம்பிங்க

நெதர்லாந்துக்கு வேலைக்கோ படிக்கவோ கல்யாணம் ஆகியோ போற நம்ம சேலத்துக்காரங்ககிட்ட நான் முதல்ல சொல்றது இதுதான்: அங்க போய் டச்சு வராம போறதுக்கு பெரிய காரணம் டச்சு இலக்கணம் இல்ல, நம்மகிட்ட இருக்கற இங்கிலீஷ்தான். கேக்க வித்தியாசமா இருக்கும், ஏன்னா இங்கிலீஷ் தெரிஞ்சவங்களுக்கு டச்சு ரொம்ப ஈஸின்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரிகளுக்கு மொழி சொல்லிக் குடுக்கற நிறுவனம்கூட டச்ச ஈஸியான குரூப்லதான் வச்சிருக்கு, தமிழ கஷ்டமான குரூப்ல வச்சிருக்கு. ஆனா அது நாள் முழுக்க வாத்தியார் கூட உக்காந்து, மாசக்கணக்கா அதையே வேலையா படிக்கறவங்களுக்கு போட்ட கணக்கு. நாம காலைல ஆபீஸ் போயி, சாயங்காலம் வந்து சமைச்சு, பிள்ளைகள தூங்க வச்சுட்டு மிச்ச நேரத்துல படிக்கறவங்க. நமக்கு நிலைமை வேற.

இங்கிலீஷ் ரெண்டு விதமா குறுக்க வரும். ஒண்ணு தெருவுல. இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாத நாடுகள்ல இங்கிலீஷ் நல்லா பேசறவங்கன்னா டச்சுக்காரங்க முதல் வரிசையில இருக்காங்க. அங்க டிவியில பெரியவங்க பாக்கற வெளிநாட்டுப் படம், சீரியல் எதையும் டப் பண்ண மாட்டாங்க, கீழ எழுத்து மட்டும் ஓடும், அதனால சின்ன வயசுல இருந்தே இங்கிலீஷ் காதுல விழுந்துட்டே இருக்கு. நீங்க டச்சுல வாயத் தொறந்து ஒரு வார்த்தைக்கு தடுமாறினா போதும், உடனே அவங்க இங்கிலீஷுக்கு மாறிடுவாங்க. உங்களுக்கு உதவி பண்றதா நெனச்சுதான் மாறறாங்க, அதுல தப்பா எடுத்துக்க ஒண்ணும் இல்ல, ஆனா பழக வேண்டிய வாய்ப்பு அங்கயே போயிடுது. ரெண்டாவது உங்க தலைக்குள்ள. டச்சு வாக்கியத்த இங்கிலீஷ்ல யோசிச்சு மாத்தறீங்க, ரெண்டும் சொந்தக்கார மொழிங்கறதால பாதி சரியா வந்துடும், மீதி பாதி தப்பாவே பழகிடும்.

என் அண்ணன் பொண்ணு டெல்ஃப்ட்டுக்கு மேல்படிப்புக்கு கிளம்பறப்ப கேட்டா, "அத்தை, அங்க இங்கிலீஷே போதும்னு எல்லாரும் சொல்றாங்களே, அப்புறம் எதுக்கு இது?" அப்படின்னு. போதும்தான், உயிர் வாழ போதும். ஆனா நகராட்சில இருந்து வர்ற கடுதாசி டச்சுல வரும், வரி ஆபீஸ்ல இருந்து வர்ற நீலக் கவர் டச்சுல வரும், ஆபீஸ்ல மதியம் சாப்பாட்டு மேசைல எல்லாரும் சிரிச்சுப் பேசறது டச்சுல இருக்கும், நாளைக்கு குழந்தை பிறந்து ஸ்கூல் போச்சுன்னா வாசல்ல நிக்கற அம்மா அப்பாக்களோட பேச்சு டச்சு. வருஷக்கணக்கா அங்க இருந்தும் பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட ரெண்டு வார்த்தை பேச முடியாம தனியா இருக்கறவங்கள ஐன்ட்ஹோவன்ல நான் இருந்தப்ப நிறைய பாத்திருக்கேன், அந்த தனிமை யாருக்கும் வரக்கூடாதுன்னுதான் இப்ப சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல உக்காந்துட்டு, போறவங்க யாரு கேட்டாலும் சொல்லிக் குடுக்கறேன்.

சத்தத்துல இருந்து ஆரம்பிப்போம். டச்சு வார்த்தைகள தமிழ் எழுத்துல எழுதறேன், சில சத்தத்துக்கு நம்மகிட்ட எழுத்து இல்ல, அதனால க்ஹ-ன்னு நான் எழுதற எடமெல்லாம் தொண்டையில இருந்து உரசிட்டு வர்ற சத்தம்னு எடுத்துக்கோங்க. எல்லாரும் பயப்படறது இந்த சத்தத்துக்குத்தான். 'பகல்', 'முகம்' அப்படின்னு வேகமா பேசறப்ப நடுவுல இருக்கற க எவ்ளோ மெத்துனு வருதுன்னு கவனிங்க, அந்த க-வ அப்படியே கொஞ்சம் இறுக்கி, காத்து உரசற மாதிரி விட்டீங்கன்னா தெற்குப் பக்கம், அதாவது ஐன்ட்ஹோவன் இருக்கற பிராபண்ட், லிம்பர்க் பக்கத்துல பேசற மென்மையான சத்தம் கிட்டத்தட்ட வந்துடும். ஆம்ஸ்டர்டாம் பக்கம் இன்னும் கரகரன்னு இருக்கும், அத பின்னாடி பாத்துக்கலாம், மென்மையா பேசினாலும் நாடு முழுக்க புரியும்.

நமக்கு இருக்கற பெரிய சொத்து குறில் நெடில். டச்சுல மன்-னு குட்டையா சொன்னா ஆம்பள, மான்-னு இழுத்தா நிலா. ஸொன் சூரியன், ஸோன் மகன். பொம் வெடிகுண்டு, போம் மரம். இந்த கடைசி வார்த்தையில ரெண்டு ஓ எழுத்து பக்கத்துல பக்கத்துல இருக்கும், இங்கிலீஷ் கண்ணோட படிச்சா பூம்-னுதான் வாய் போகும், அங்கதான் சறுக்கும். தமிழ் காதோட கேட்டா ஒ, ஓ, அவ்ளோதான், ஒண்ணாங்கிளாஸ்ல படிச்சது. அதே மாதிரி ப, க எல்லாம் டச்சுக்காரங்க நம்மள மாதிரியே மூச்சுக்காத்து விடாம சொல்லுவாங்க, நம்ம வ-வும் அவங்க வாட்டர்னு சொல்றப்ப வர்ற வ-வும் கிட்டத்தட்ட ஒண்ணு. ட மட்டும் நாக்க மடிக்காதீங்க, நுனிய மேல் பல்லுக்கு பின்னாடி தொட்டு எடுத்தா போதும். இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது, பாலுக்கு அவங்க வார்த்தை மெல்க், ஆனா நிறைய பேரு மெலக்-னுதான் சொல்லுவாங்க, ஃபில்ம்-ம ஃபிலம்-னுவாங்க, நாம ஃபிலிம்னு சொல்றோமே அதே பழக்கம். அதனால ரெண்டு மெய்யெழுத்து ஒட்டி வர்றப்ப கூட ஒரு சின்ன உயிர் வந்துடுச்சேன்னு கூச்சப்பட வேண்டாம்.

நமக்கு நெஜமாவே புதுசா இருக்கற சத்தம் மூணு. ஒண்ணு, உதட்ட உ-வுக்கு குவிச்ச மாதிரி வச்சுட்டு உள்ள இ சொல்லணும். மரியாதையா நீங்க-ன்னு சொல்ற வார்த்தையே இந்த ஒத்த சத்தம்தான், நான் யூ-ன்னு எழுதுவேன், ஆனா முன்னாடி ய் கிடையாது. ரெண்டாவது உதட்ட ஓ-வுக்கு குவிச்சு உள்ள ஏ. மூணாவதுதான் கஷ்டம், வீடுங்கற வார்த்தையில வர்றது, எழுத்துல இங்கிலீஷ் எழுத்து யூ-வும் ஐ-யும் சேந்து நிக்கும். அய்-னு சொல்லிட்டே வாய குவிச்சா கிட்ட வரும். நம்ம முன்னோர்களுக்கும் இந்த சத்தம் புடிபடல போல. 1658ல இருந்து 1781 வரைக்கும் நாகப்பட்டினம் டச்சுக்காரங்க கையில இருந்துச்சு, அதுக்கு முன்னாடியே பழவேற்காட்டுல கோட்டை கட்டி உக்காந்துட்டாங்க, அவங்ககிட்ட இருந்து வந்ததுதான் துட்டு, கக்கூஸ் ரெண்டும், டச்சுல இந்த ரெண்டு வார்த்தையிலயும் இருக்கறது அதே யூ-ஐ எழுத்துதான், நம்ம வாயில உ, ஊ-ன்னு ஆயிடுச்சு. கண்ணாடி முன்னாடி நின்னு பழகுங்க, காதுல கேக்கறதவிட உதடு எப்படி இருக்குன்னு பாத்தா சீக்கிரம் வரும்.

இப்ப வாக்கிய அமைப்பு. இங்கதான் தமிழ் தெரிஞ்சவங்களுக்கு உண்மையான லாபம், யாரும் சொல்லிக் குடுக்காத விஷயமும் இதுதான், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

'நான் நாளைக்கு ஏற்காடு போறேன்' டச்சுல, இக் க்ஹா மொர்க்ஹன் நார் ஏற்காடு. இக் நான், க்ஹா போறேன், மொர்க்ஹன் நாளைக்கு, நார் ஏற்காடு ஏற்காட்டுக்கு. வினை ரெண்டாவது எடத்துல நிக்குது, இது இங்கிலீஷ் மாதிரிதான். ஆனா நாளைக்குங்கற வார்த்தைய முன்னாடி கொண்டு வந்தீங்கன்னா, மொர்க்ஹன் க்ஹா இக் நார் ஏற்காடு. பாத்தீங்களா, வினை நகரவே இல்ல, ரெண்டாவது எடம் அதோட சொந்த எடம், 'நான்' தான் பின்னாடி போயிடுச்சு. இங்கிலீஷ்ல யோசிக்கறவங்க எல்லாரும் இங்க மொர்க்ஹன் இக் க்ஹா-ன்னு சொல்லிடுவாங்க, வருஷக்கணக்கா அங்க இருக்கறவங்ககூட. இத ஒடைக்க ஒரே வழி, முதல் மாசம் முழுக்க எல்லா வாக்கியத்தையும் இன்னைக்கு, நாளைக்கு, இப்ப, அப்புறம் இந்த மாதிரி நேரத்துல ஆரம்பிச்சு பழகறது. நாம தமிழ்லயும் பாதி நேரம் அப்படித்தானே பேசறோம், 'நாளைக்கு நான் வரல', 'இப்ப நான் எங்க போறது'ன்னு.

அடுத்தது, 'ஏன்னா'ன்னு காரணம் சொல்ற வாக்கியம். ஒம்டட் இக் மொர்க்ஹன் நார் ஏற்காடு க்ஹா. இத அப்படியே பிரிச்சுப் பாருங்க: இக் நான், மொர்க்ஹன் நாளைக்கு, நார் ஏற்காடு ஏற்காட்டுக்கு, க்ஹா போற. நான் நாளைக்கு ஏற்காட்டுக்குப் போறதால. வார்த்தைக்கு வார்த்தை தமிழ் வரிசை! காரணம் சொல்ற ஒம்டட் மட்டும் முன்னாடி நிக்குது, நமக்கு அது 'ஆல'ன்னு கடைசியில ஒட்டுது, வேற வித்தியாசமே இல்ல. இங்கிலீஷ்காரங்களுக்கு டச்சுல ரொம்ப கஷ்டமான பாடம் இதுதான், வினைய கடைசி வரைக்கும் கையில புடிச்சுட்டு இருக்கறது அவங்களுக்கு மூச்சு முட்டும், நாம பொறந்ததுல இருந்து அப்படித்தான் பேசிட்டு இருக்கோம். 'அவர் சொன்னாருன்னு', 'மழை பெஞ்சா', 'நான் வந்தப்ப' இந்த மாதிரி துணை வாக்கியம் எது வந்தாலும் தமிழ் மூளைய ஆன் பண்ணுங்க, வினைய கடைசியில வைங்க.

ரெண்டு வினை வந்தாலும் இதே கதை. நேத்து சேலத்துல ஒரு மாம்பழம் சாப்பிட்டேன்னு சொல்லணும், இக் ஹெப் க்ஹிஸ்டரன் இன் சேலம் என் மாங்கோ க்ஹக்ஹேட்டன். ஹெப்-ங்கறது ரெண்டாவது எடத்த நிரப்பற துணை வினை, அத விட்டுட்டுப் பாத்தா நான், நேத்து, சேலத்துல, ஒரு மாம்பழம், சாப்பிட்டு. நேரம் முதல்ல, எடம் அடுத்தது, வினை கடைசி. இங்கிலீஷ்ல எடம் முன்னாடி வந்து நேத்துங்கறது கடைசியில தொங்கும், டச்சுல அப்படி சொன்னா காதுக்கு உறுத்தும். அதனால எழுதறதுக்கு முன்னாடி தமிழ்ல ஒரு தடவ சொல்லிப் பாத்துட்டு, ரெண்டாவது எடத்துல என்ன வைக்கணும்னு மட்டும் யோசிச்சா முக்கால்வாசி வாக்கியம் சரியா விழுந்துடும். ஒரே ஒரு எச்சரிக்கை, தமிழ்ல 'நான்', 'அவர்' இதெல்லாம் விட்டுட்டு பேசுவோம், டச்சுல விட முடியாது, யாருன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லணும்.

பிரிஞ்சு போற வினைகளும் உண்டு. ஃபோன் பண்றதுக்கு ஒப்பெல்லன், ஆனா வாக்கியத்துல போட்டா இக் பெல் யே மொர்க்ஹன் ஒப், நாளைக்கு உனக்கு ஃபோன் பண்றேன், ஒப்-ங்கற தலை கடைசிக்கு ஓடிடும். துணை வாக்கியத்துல மறுபடி ஒண்ணா சேந்துடும். இதுக்கு மனப்பாடம் வேண்டாம், கேட்டு கேட்டு பழகறதுதான். யாராவது பேசறப்ப கடைசி வார்த்தை வர்ற வரைக்கும் அர்த்தத்த முடிவு பண்ணாதீங்க.

அடுத்து சின்னச் சின்ன வார்த்தைகள். பாடப்புத்தகத்துல இதுக்கு பெருசா எடம் இருக்காது, ஆனா இது இல்லாம பேசினா டச்சு கட்டளை போடற மாதிரி மொரட்டுத்தனமா கேக்கும். நாம இல்லன்னு மொட்டையா சொல்ல மாட்டோம், இல்லைங்க-ன்னு சொல்லுவோம், அந்த ங்க பண்ற வேலைய அங்க ஹோர்-ங்கற வார்த்தை பண்ணுது. நே ஹோர், இல்லைங்க. யா ஹோர், ஆமாங்க. வக்ஹ்ட் ஏவன், கொஞ்சம் இருங்க. அந்த ஏவன் நம்ம 'கொஞ்சம்' தான், நேரத்த அளக்கல, பேச்ச மெதுவாக்குது. டொக்ஹ்-னு கடைசியில சேத்தா 'தானே', நீங்க வர்றீங்கதானே. ஹெ-ன்னு முடிச்சா நம்ம 'ல்ல', லெக்கர் வேர் ஹெ, கிளைமேட் நல்லாருக்குல்ல. கொம் மார் பின்னன், உள்ள வாங்க வாங்கன்னு வாசல்ல நின்னு கூப்புடறது. இங்கிலீஷ்ல இதுக்கு சரியான வார்த்தை கிடைக்காம வகுப்புல எல்லாரும் திணறிட்டு இருப்பாங்க, நீங்க தமிழ்ல போய் தேடுங்க, உடனே கிடைக்கும். எந்த வார்த்தைக்கு எந்த தமிழ் ஒட்டுன்னு ஒரு நோட்டுல எழுதிட்டே வாங்க, அந்த நோட்டு எந்த அகராதியவிடவும் உதவும்.

மரியாதை விஷயத்துல நாம கொஞ்சம் கைய அடக்கணும். சேலத்துல சின்னக் குழந்தைகிட்டகூட வாங்க போங்கன்னு பேசறவங்க நாம, அதே பழக்கத்துல ஆபீஸ்ல எல்லாரையும் யூ-ன்னு கூப்பிட்டா அவங்களுக்கு ஒரு தூரம் தெரியும். அங்க மேனேஜரையே யே, அதாவது நீ-ன்னுதான் சொல்லுவாங்க. வயசானவங்க, டாக்டர், முன்ன பின்ன தெரியாதவங்க இவங்ககிட்ட யூ-ல ஆரம்பிங்க, அவங்களே ஸெக்ஹ் மார் யே-ன்னு சொன்னாங்கன்னா மாறிக்கோங்க.

எண்கள். இருபத்தொண்ணுக்கு ஏன்-என்-ட்வின்டக்ஹ், அதாவது ஒண்ணும் இருபதும். தமிழும் இங்கிலீஷும் ரெண்டுமே இங்க கை குடுக்காது, பழக்கம் மட்டும்தான். அதுக்கு நம்ம ஊருலயே நல்ல எடம் இருக்கு. ஃபைவ் ரோட்ஸ் சிக்னல்ல நிக்கறப்ப முன்னாடி நிக்கற வண்டியோட நம்பர் பிளேட்ட டச்சுல படிங்க, 30ன்னா டெர்டக்ஹ், 54ன்னா ஃபீர்-என்-ஃபைஃப்டக்ஹ், நாலும் அம்பதும், அப்புறம் இருக்கற நாலு நம்பர ரெண்டு ரெண்டா பிரிச்சு படிங்க, சிக்னல் பச்சையாகறதுக்குள்ள முடிக்கணும்னு வச்சுக்கோங்க. இன்னும் தொடக்கத்துல இருக்கறவங்க ஏற்காடு போற பஸ்ஸுல ஏறுங்க, இருவது கொண்டை ஊசி வளைவுக்கும் நம்பர் போட்ட பலகை இருக்கு, ஒவ்வொரு வளைவு திரும்பறப்பவும் அந்த நம்பர வாய்விட்டு சொல்லுங்க, ஏன், ட்வே, ட்ரீ, ஃபீர்னு மேல ஏறி, திரும்பி வர்றப்ப இருவதுல இருந்து கீழ எறங்குங்க. கீழ எறங்கறதுதான் முக்கியம், வரிசையா சொல்றது பாட்டு மாதிரி வந்துடும், திருப்பிச் சொன்னாத்தான் எண் எண்ணா மனசுல நிக்கும்.

நேரம் சொல்றப்ப ஜாக்கிரதை. ஹல்ஃப் அக்ஹ்ட்-னு ஒருத்தர் சொன்னா அக்ஹ்ட் எட்டு, ஆனா அர்த்தம் ஏழரை, எட்டுல பாதி வந்திருக்குன்னு கணக்கு. இங்கிலீஷ் பழக்கத்துல எட்டரைன்னு நெனச்சா ஒரு மணி நேரம் லேட்டு. ஏழு இருபத்தஞ்சுக்கு 'ஏழரைக்கு அஞ்சு முன்னாடி'ன்னுதான் சொல்லுவாங்க. டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எதுவா இருந்தாலும் கேட்ட நேரத்த எண்ணுல எழுதிக் காட்டி சரிதானான்னு கேட்டுக்கோங்க.

இங்கிலீஷ் மாதிரியே காதுல விழுந்து வேற அர்த்தம் குடுக்கற வார்த்தைகள் நிறைய இருக்கு, அதுல கேள்வி வார்த்தைகள மட்டும் முதல் நாளே பிடிச்சுக்கோங்க. ஹூ-ன்னு கேட்டா 'எப்படி', வீ-ன்னு கேட்டா 'யாரு'. இக் வில்-னா எதிர்காலம் இல்ல, 'எனக்கு வேணும்'. ஸ்லிம்-னு உங்கள யாராவது சொன்னா புத்திசாலின்னு அர்த்தம்.

டெ, ஹெட்-னு ரெண்டு முன்சொல் இருக்கு, எந்தப் பெயர்ச்சொல்லுக்கு எதுன்னு பெருசா விதி கிடையாது. டெ தான் அதிகம், பன்மை எல்லாம் டெ, யே-ன்னு முடியற, சின்னதா செல்லமா சொல்ற வார்த்தை எல்லாம் ஹெட். வார்த்தைய படிக்கறப்ப முன்சொல்லோட சேத்தே படிங்க, தப்பா சொன்னாலும் யாருக்கும் புரியாம போகாது, அதனால இதுல ராத்தூக்கம் கெடுத்துக்காதீங்க. நான் பாத்த வரைக்கும் இந்த ஒண்ணுக்கே பயந்து வாயே தொறக்காம இருக்கறவங்கதான் அதிகம் நஷ்டப்படறாங்க.

இப்ப தெருவுல இங்கிலீஷுக்கு மாறிடறாங்களே, அத எப்படி சமாளிக்கறது? முதல்ல, என்ன கேள்வி வரும்னு முன்கூட்டியே தெரிஞ்ச எடத்துல ஆரம்பிங்க. சூப்பர்மார்க்கெட் பில் போடற எடம் அதுக்குன்னே இருக்கு. அந்தப் பொண்ணு ஹலோ சொல்லும், நீங்களும் ஹலோ. ஹேஃப்ட் யூ என் போனுஸ்கார்ட், தள்ளுபடி கார்டு இருக்கா. நே, டங்க் யூ. வில்ட் யூ என் டஷ எர்பை, பை வேணுமா. நே ஹோர். அடுத்து கார்ட காட்டி, பின்னன் க்ஹ்ராக்ஹ், கார்டுல கட்டறேங்க. வில்ட் யூ டெ பொன், பில் வேணுமா. யா, க்ஹ்ராக்ஹ், ஆமா, குடுங்க. ஃபைன டக்ஹ், நல்ல நாளா இருக்கட்டும். யூ ஓக், உங்களுக்கும். மொத்தமே இவ்ளோதான், எந்தக் கடைக்குப் போனாலும் கிட்டத்தட்ட இதே கேள்விங்க, வரிசை மட்டும் முன்ன பின்ன இருக்கும். இத சேலத்துல வீட்டுலயே ரெண்டு பேரு உக்காந்து மாத்தி மாத்தி நடிச்சுப் பழகிட்டு போங்க, தயங்காம பதில் வந்துச்சுன்னா அவங்களுக்கு இங்கிலீஷுக்கு மாறணும்னே தோணாது. தயக்கத்தப் பாத்துதான் மாறறாங்க, தப்பு இலக்கணத்தப் பாத்து இல்ல.

அப்படியும் மாறினா, நீங்க மாறாதீங்க. அவங்க இங்கிலீஷ்ல கேக்கட்டும், நீங்க டச்சுல பதில் சொல்லுங்க, ரெண்டு மூணு வாக்கியத்துல அவங்களும் திரும்பி வந்துடுவாங்க. ஒரு வாக்கியத்த மட்டும் தூக்கத்துல கேட்டாலும் சொல்ற மாதிரி வச்சுக்கோங்க: இக் லேர் நேடர்லண்ட்ஸ், மக்ஹ் இக் ஹெட் இன் ஹெட் நேடர்லண்ட்ஸ் ப்ரோபேரன். நான் டச்சு கத்துக்கறேன், டச்சுலயே முயற்சி பண்ணட்டுமா. இத கேட்டுட்டு மாட்டேன்னு சொன்ன டச்சுக்காரங்கள நான் பாத்தது இல்ல, முகமே மலர்ந்துடும், அப்புறம் மெதுவா பேசுவாங்க. பின்னாடி பெரிய க்யூ நிக்கறப்ப மட்டும் வேண்டாம், அவங்க வேலையும் நடக்கணும்.

வாரச் சந்தை, வயசான பக்கத்து வீட்டுக்காரங்க, குழந்தைங்க, இந்த மூணு எடத்துலயும் இங்கிலீஷ் அவ்ளோ சுலபமா வராது, அங்க போய் பேசுங்க. குழந்தைங்க பேசறத கேக்கறது ரொம்ப நல்லது. பெரும்பாலும் நாலு வயசுல ஸ்கூல் போக ஆரம்பிச்சுடுவாங்க, அந்த வயசுக் குழந்தை சுத்தமா, எளிமையா, திருப்பித் திருப்பிப் பேசும், உங்க தப்ப நேருக்கு நேரா சொல்லியும் குடுக்கும். அப்புறம் நிறைய ஊரு நூலகத்துல டால்கஃபே-ன்னு ஒண்ணு நடத்துவாங்க, மேசையச் சுத்தி உக்காந்து காபி குடிச்சுட்டு டச்சுல மட்டும் பேசறது, தன்னார்வலர்கள் பொறுமையா உக்காந்து பேசுவாங்க. கூச்சப்படாம போங்க, அங்க வர்ற எல்லாருமே நம்மள மாதிரிதான் கத்துக்க வந்தவங்க.

கடுதாசிங்கள தூக்கி உடனே மொழிபெயர்ப்பு ஆப்புல காட்டாதீங்க. முதல்ல நீண்ட வார்த்தைகள ஒடைங்க. ஸீக்ட-கொஸ்டன்-ஃபர்ஸேக்கரிங்-னு ஒண்ணு வரும், பாத்தா தலை சுத்தும், ஸீக்ட நோய், கொஸ்டன் செலவு, ஃபர்ஸேக்கரிங் காப்பீடு, நோய்ச் செலவுக் காப்பீடு. நாமளும் இதே வரிசையில ஒட்டித்தானே எழுதறோம். ஒடைச்சு, ஊகிச்சு, அப்புறமா ஆப்புல சரி பாருங்க. பணம் கட்டற தேதி இருக்கற கடுதாசின்னா மட்டும் ஊகத்த நம்பாதீங்க, தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டிடுங்க.

போறதுக்கு முன்னாடி சேலத்துல இருந்தே என்ன பண்ணலாம்னா, குரோனிங்கன் பல்கலைக்கழகம் ஃப்யூச்சர்லேர்ன்ல நடத்தற அறிமுக வகுப்ப ஒரு தடவ முடிச்சுடுங்க, டுயோலிங்கோவ வார்த்தை சேக்கறதுக்கு மட்டும் வச்சுக்கோங்க, அதுல இங்கிலீஷ் வழியாத்தான் சொல்லிக் குடுப்பாங்கங்கறதால வாக்கியம் கட்டறதுக்கு அத நம்ப வேண்டாம். என்ஓஎஸ்-ங்கற டச்சு பொது ஒளிபரப்பு நிறுவனத்தோட யோக்ஹ்ட்-ஷூர்னால், அதாவது குழந்தைகளுக்கான தினச் செய்தி, 1981ல இருந்து வருது, நெட்டுல பாக்கலாம், முதல்ல படத்த மட்டும் பாத்துட்டு என்ன செய்தின்னு தமிழ்ல சொல்லிப் பாருங்க, அப்புறம் அதே துண்ட டச்சுல கேளுங்க. பேசறதுக்கு ஆன்லைன்ல ஆள் புடிக்கறீங்கன்னா நேரக் கணக்கு தெரிஞ்சுக்கோங்க, வெயில் காலத்துல அவங்க நம்மள விட மூணரை மணி நேரம் பின்னாடி, குளிர் காலத்துல நாலரை மணி நேரம், அதனால நமக்கு ராத்திரி பத்து மணிங்கறது அவங்களுக்கு சாயங்காலம், வேலை முடிஞ்சு ஆள் கிடைக்கற நேரம்.

கல்யாணம் ஆகி கணவரோடயோ மனைவியோடயோ சேரப் போறவங்களுக்கு ஒரு தேர்வு உண்டு, பாசிஸ்-எக்ஸாமன் இன்புர்க்ஹரிங்-னு பேரு, கிளம்பறதுக்கு முன்னாடியே டச்சு தூதரகத்துல எழுதணும். பேசறது, படிக்கறது, நாட்டப் பத்தின பொது அறிவுன்னு மூணு பகுதி, நிலை ஏ1, அதாவது ஆரம்ப நிலை. துணைவர் உயர்திறன் பணியாளர் விசால இருந்தா இந்தத் தேர்வு வேண்டாம். பொது அறிவுக்குன்னு அவங்களே ஒரு படமும் கேள்விகளும் குடுத்திருக்காங்க, அந்தக் கேள்விகள்ல இருந்துதான் தேர்வுல வரும், அதனால அத முதல்ல முடிச்சுட்டு மிச்ச நேரத்த முழுக்க பேச்சுக்கு குடுங்க. அஞ்சு வருஷம் கழிச்சு நிரந்தர அனுமதி, குடியுரிமைன்னு போறப்ப வேற தேர்வு, அதோட நிலையும் விதியும் அப்பப்ப மாறும், குடியேற்றத் துறையான ஐஎன்டி, தேர்வு நடத்தற டுவோ, இந்த ரெண்டு அரசு தளத்துலயும் நேரா போய் பாருங்க, வாட்ஸ்அப்புல வர்றத நம்பி தேதி குறிக்காதீங்க.

அங்க எறங்கினதும் நகராட்சில பேர பதிஞ்சு பிஎஸ்என்-ங்கற அடையாள நம்பர் வாங்கணும், அன்னைக்கே பக்கத்துல இருக்கற நூலகத்துக்கும் போய் டால்கஃபே என்னைக்குன்னு கேட்டுட்டு வந்துடுங்க. அந்தக் கேள்விய டச்சுலயே கேளுங்க: வன்னேர் இஸ் ஹெட் டால்கஃபே?